புனிதர் ஊர்ப்பெயர்: சொல் விளக்கம்

புனிதர் ஒருவரின் பெயரைத் தாங்கிய ஊர், மலை, கோட்டை ஆகியவற்றின் பெயரை மொழியியலார் 'ஹேகியோடோப்போனிம்' என்பர். வேர் கிரேக்கம்: ஹேகியோஸ் என்றால் தூயவர், தோப்போஸ் என்றால் இடம், மூன்றாவது பகுதி பெயர். தமிழில் 'புனிதர் ஊர்ப்பெயர்' என்றாலே போதும்.

இதனோடு குழம்பும் இன்னொரு சொல் 'பாதுகாவலர்'. ஓர் ஊரையோ பங்கையோ (ஓர் ஆலயத்துக்கு உட்பட்ட வட்டாரத்தையோ) காக்கும் புனிதர் பாதுகாவலர்; ஊரின் பெயரில் அவர் இருந்தாக வேண்டும் என்பதில்லை. மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் புக்கிட் மெர்தாஜாமில் கொடியேற்றமும் நொவேனாவுமாய் (ஒன்பது நாள் செபமுமாய்) ஜூலையில் கொண்டாடப்படுவது புனித அன்னம்மாள் திருவிழா. திருநாள் ஜூலை 26. 'சென்ட் ஆன்ஸ் போறோம்' என்றால் பினாங்கில் எல்லோருக்கும் இடம் விளங்கிவிடும். ஆனால் ஊரின் பெயர் மலாய்ப் பெயர்தான். அன்னம்மாள் அங்கே பாதுகாவலர், ஊர்ப்பெயர் அல்லர்.

ஜார்ஜ்டவுன் இதைவிட ஏமாற்றும். 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் அமைத்த அந்த நகரம் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரைக் கொண்டது. அதே நகரத்தின் பார்க்குவார் சாலையில் 1818இல் கட்டி முடிக்கப்பட்ட ஆங்கிலிக்கன் ஆலயமோ புனித ஜார்ஜுடையது. சென்னையிலும் இதே கதைதான்: கோட்டை புனிதருக்கு, ஜார்ஜ்டவுன் ஐந்தாம் ஜார்ஜுக்கு. ரஷ்யாவில் தலைகீழ். சென்ட் பீட்டர்ஸ்பர்க்கை நிறுவிய மன்னரின் பெயரும் பீட்டர்தான். ஆனால் நகரம் சூடிக்கொண்டது திருத்தூதர் பீட்டரின், அதாவது பழைய வழக்கில் இராயப்பரின், பெயரை.

'செயின்ட்' என்பதன் மூலம் இலத்தீனின் 'சாங்க்துஸ்', அதாவது புனிதமாக்கப்பட்டவர். ஸ்பானியத்தில் ஆணுக்குச் 'சான்', பெண்ணுக்குச் 'சாந்தா'. தோமினிக், தோமையார் போன்ற சில பெயர்களுக்கு முன் மட்டும் 'சாந்தோ'. போர்த்துகீசியத்தில் மெய்யெழுத்தில் தொடங்கும் ஆண்பெயருக்குச் 'சாவ்', உயிரெழுத்து வந்தால் 'சாந்தோ'. பிரேசிலின் சாவ் பாவ்லோ சின்னப்பர் (பவுல்) மனமாறிய திருநாளான ஜனவரி 25 அன்று, 1554இல் தொடங்கப்பட்டதால் அப்பெயர் பெற்றது. இப்படி நாட்காட்டியைப் பார்த்துப் பெயரிடுவது போர்த்துகீசியர், ஸ்பானியர் வழக்கம்.

'சாந்தா' வந்தாலே ஒரு பெண் புனிதர் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். சாந்தா குரூஸ் என்பது திருச்சிலுவை, சாந்தா ஃபே என்பது திருவிசுவாசம். சான் சால்வதோர் மீட்பரான இயேசுவையே குறிக்கும்.

சில பெயர்களில் அடைமொழி உள்ளேயே கரைந்திருக்கும். மலாக்காவில் எஞ்சி நிற்கும் கோட்டைவாசல் 'போர்த்தா டி சாந்தியாகோ'. சாந்த் என்பதோடு யாகோ (யாக்கோபு) சேர்ந்தால் சாந்தியாகோ, நம் வீடுகளில் சந்தியாகு. ஆகவே 'புனித சந்தியாகு' என்று எழுதும்போது புனிதம் இருமுறை வந்துவிடுகிறது, 'நடுசென்டர்' மாதிரிதான். சாந்தோமும் அப்படியே. வழக்கில் ஊறிவிட்டதால் பிழை என்று அடிக்கத் தேவையில்லை.

தமிழில் அடைமொழிக்குத் தட்டுப்பாடில்லை. பழைய செபப் புத்தகங்களில் 'அர்ச்சியசிஷ்ட', சுருக்கமாக 'அர்ச்.', இன்றைய கத்தோலிக்க வழக்கில் 'புனித'. தனித்தமிழ் வேண்டுவோருக்குத் 'தூய' இருக்கிறது. என்றாலும் தமிழின் இயல்பு மரியாதையைப் பெயரின் கடைசியில் வைப்பதே: அந்தோணியார், சவேரியார், சூசையப்பர். ஊராக்க வேண்டுமானால் புரம், பட்டி சேர்த்தால் முடிந்தது. தேனிப் பக்கத்து இராயப்பன்பட்டியில் செயின்ட்டும் இல்லை, புனிதவும் இல்லை. ஆனாலும் இராயப்பர் என்ற பெயர் உள்ளே தெரிகிறது.

மொழிபெயர்க்கும்போது சறுக்கும் இடங்கள் சில. ஆங்கிலத்தில் 'எஸ்டி' என்ற சுருக்கம் பெயருக்கு முன்னால் நின்றால் செயின்ட், பின்னால் நின்றால் தெரு. ஜார்ஜ்டவுனின் பிஷப் தெருவை இப்படித் தவறாகப் படித்தால் இல்லாத புனிதர் ஒருவர் பிறந்துவிடுவார். 'ஆன்ஸ்' என்பதிலுள்ள ஸ் வேற்றுமை உருபு. பேச்சில் இருக்கட்டும், எழுத்தில் 'அன்னம்மாள் ஆலயம்' என்க.

எந்தப் புனிதர் என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். கோலாலம்பூர் புக்கிட் நானாஸில் உள்ள செயின்ட் ஜான் பேராலயம் நற்செய்தியாளர் யோவானுக்கு, அதாவது பழைய வழக்கில் அருளப்பருக்கு உரியது. திருமுழுக்கு யோவான் வேறொருவர். பெயர் மட்டும் கையில் இருந்தால் திருநாளைக் கேளுங்கள். டிசம்பர் 27 என்றால் நற்செய்தியாளர், ஜூன் 24 என்றால் திருமுழுக்கு யோவான். பிரான்சிஸும் அப்படித்தான்: டிசம்பர் 3 சவேரியார், அக்டோபர் 4 அசிசியார். பினாங்கு சாலையில் இருக்கும் ஆலயம் சவேரியாருடையது. சான் பிரான்சிஸ்கோ அசிசியாருடையது.

கடித உறை, பள்ளிச் சான்றிதழ், அரசுப் படிவம் ஆகியவற்றில் இந்தத் தமிழாக்கம் எதுவும் வேண்டாம். பதிவான பெயரை அப்படியே 'செயின்ட்' என்று ஒலிபெயர்த்து எழுதுங்கள். திருவிழா அழைப்பிதழில் 'சவேரியார்' என்றே அச்சிடுங்கள்.