ஆங்கில ‘லா’ (law) என்றால் சட்டமா, விதியா?

“படத்துக்குச் சட்டம் போட வேண்டும்” என்றால் தச்சரைத் தேடுகிறோம். “இதைத் தடுக்க ஒரு சட்டம் போட வேண்டும்” என்றால் பேச்சு நாடாளுமன்றத்துக்குப் போய்விடுகிறது. பெயர்ச்சொல் ஒன்று, வினைச்சொல்லும் ஒன்று. தமிழ் பேசும் யாரும் இதில் குழம்புவதில்லை.

சட்டம் முதலில் மரச்சட்டம்தான் என்றே நான் கொள்கிறேன். ஜன்னலுக்கும் கதவுக்கும் உருக்குலையாமல் இருக்க நாற்புறமும் மரம் அடிப்பார்களே, அது. ‘சட்டகம்’ என்ற சொல் இன்னும் அந்தப் பொருளைச் சுமந்துகொண்டிருக்கிறது. உடலையும் அது குறிக்கும். தெலுங்கின் ‘சட்டம்’ நம்முடையதைப் போலவே அரசு இயற்றும் சட்டம். மலையாளத்தில் அது விதிமுறை என்ற அளவில் நிற்கிறது. கன்னடத்தில் ‘சட்ட’ என்றால் பாடை! மூங்கிலைக் கட்டிச் செய்வதால், சட்டகப் பொருள் அங்கே அப்படியே தங்கிவிட்டது.

மரத்திலிருந்து முறைமைக்குப் போனது தமிழ் மட்டும் அல்ல. கிரேக்கத்தில் ‘கனோன்’ என்பது நேரான கோல், அளவுகோல். அதுவே அரபிக்குப் போய் ‘கானூன்’ ஆகி, சட்டத்தைக் குறித்தது. நமக்கும் செங்கோல், கொடுங்கோல் உண்டு. கோல் நேராக இருந்தால் நல்லாட்சி, வளைந்தால் கெட்டது. குறளில் இரண்டுக்கும் தனித்தனி அதிகாரமே இருக்கிறது.

ஆங்கிலத்தின் ‘லா’ வேறு வழியில் வந்தது. இங்கிலாந்தில் குடியேறிய டேனியர்கள் பேசிய பழைய நோர்ஸ் மொழிச் சொல் அது. ‘இடு, கிடத்து’ என்னும் பொருளுள்ள வேரிலிருந்து பிறந்ததால், ‘இட்டு வைத்தது’ என்று பொருள்படும். ‘லீகல்’ இதன் பிள்ளை போலத் தோன்றும். அது இலத்தீன் ‘லெக்ஸ்’ வழி வந்த வேற்றுக் குடும்பம்.

இப்போது ‘விதி’யைப் பாருங்கள். சமஸ்கிருதத்திலிருந்து வந்த இச்சொல்லின் வேர்ப்பொருளும் ‘வகுத்து வைப்பது’தான். வரி விதிக்கிறோம், அபராதம் விதிக்கிறோம். ஆக, பிறப்பை வைத்துப் பார்த்தால் ‘லா’வுக்கு நெருங்கிய சொந்தம் சட்டம் அல்ல, விதி! ஆனால் விதிக்கு ஊழ் என்ற பொருளும் உண்டு. நீதிபதி தீர்ப்பைப் படித்தபின் “எல்லாம் விதி” என்று ஒருவர் பெருமூச்சு விட்டால், அவர் எந்த விதியைச் சொல்கிறார் என்று கேட்க வேண்டியதில்லை.

அப்படியானால் எதை எங்கே எழுதுவது? அரசு இயற்றுவது, மன்றத்தில் நிறைவேறுவது, மீறினால் தண்டனை உள்ளது சட்டம். இயற்கையில் கண்டறியப்படுவது விதி. 1687இல் நியூட்டன் வெளியிட்டவை மூன்று இயக்க விதிகள். அவற்றை ‘நியூட்டனின் சட்டங்கள்’ என்று எழுதுவது அகராதியின் முதல் வரியோடு நின்றுவிடும் மொழிபெயர்ப்பு. ஈர்ப்பு விதியை எந்த நாடாளுமன்றத்தாலும் திருத்த முடியாது. வேடிக்கை என்னவென்றால், அலுவலகத்துக்குள் நுழைந்ததும் விதியின் மதிப்பு இறங்கிவிடுகிறது. அங்கே மேலே இருப்பது சட்டம். அதைச் செயல்படுத்த அதன்கீழ் வகுப்பவை விதிகள்.

இன்னொரு கண்ணி ‘லா கோர்ட்’. அதைச் ‘சட்டமன்றம்’ என்றால் உறுப்பினர்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். தமிழ் அதற்கு நீதிமன்றம் என்று பெயர் வைத்தது. மாமியாரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலும் ‘லா’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. திருச்சபைச் சட்டம் திருமண உறவால் யார் யாரைச் சொந்தமாகக் கருதியது என்பதன் எச்சம் அது. நம் மாமியார், மைத்துனர், நாத்தனார் யாருக்கும் சட்டத்தின் துணை தேவைப்படவில்லை.

பேச்சில் சட்டம் கொஞ்சம் கேலியாகத்தான் வருகிறது. “அவர் வைத்ததுதான் சட்டம்” என்பதில் மரியாதையைவிட எரிச்சல் அதிகம். “என்னிடம் சட்டம் பேசாதே” என்பவர், எதிராளி சொல்வது சரி என்று தெரிந்தே சொல்கிறார். “சட்டமாக உட்கார்ந்திருக்கிறார்” என்றால், எழுப்பினாலும் எழமாட்டார். திண்ணைப் பள்ளியில் ஆசிரியருக்குப் பதிலாக மற்றப் பிள்ளைகளை அடக்கி வைத்த மாணவன் சட்டாம்பிள்ளை. திண்ணைப் பள்ளிகள் போய்விட்டன. கேட்காமலே அதிகாரம் செய்பவருக்கு அந்தப் பட்டம் இன்றும் கிடைக்கிறது.