புது ரெசின் வாங்கினால் முதலில் 30 கிராம் ஊற்றிப் பாருங்கள்

எபாக்சி ரெசின் என்பது, ஹார்ட்னர் என்ற இன்னொரு திரவத்தோடு கலந்தால் கல்லாக இறுகும் திரவம். கல்யாண மாலையை அதில் பதித்துத் தரும்போது, கையில் இருப்பது ஒரே மாலை. கெட்டுப்போனால் வேறு கிடையாது. அதனால் பிராண்டு மாறினால் மட்டுமல்ல, பழகிய பிராண்டிலேயே புது பாட்டில் திறந்தாலும், முதல் ஊற்று மாலையில் விழக் கூடாது. ஒரு சின்ன கீசெயின் மோல்டில் (அச்சில்) விழட்டும்.

முதலில் லேபிளைப் படியுங்கள். 2:1 என்று போட்டிருந்தால், அது எடைக்கா, மில்லி அளவுக்கா என்று பார்க்க வேண்டும். ரெசின் கனமானது, ஹார்ட்னர் லேசானது. மில்லி கணக்கில் 2:1 என்பது எடையில் பெரும்பாலும் 100 கிராமுக்கு 42 கிராம் அளவில் வரும். அதைத் தராசில் வைத்து 50 கிராம் ஊற்றினால் ஹார்ட்னர் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். எத்தனை நாள் வைத்தாலும் மேற்பரப்பு பிசுபிசுக்கும், அல்லது ரப்பர் போல வளையும். "சீக்கிரம் இறுகட்டும்" என்று ஹார்ட்னரைக் கூட்டுபவர்களுக்கும் இதே கதிதான்.

எடைக்கு 2:1 என்றால் சோதனைக்கு 20 கிராம் ரெசின், 10 கிராம் ஹார்ட்னர். சமையலறைத் தராசு இதற்கு ஆகாது. 10 கிராமில் 1 கிராம் பிசகினாலே நூற்றுக்குப் பத்து தப்பு. 0.1 கிராம் காட்டும் நகைத் தராசு வேண்டும்.

கலக்கும்போது அவசரம் வேண்டாம். 3 முதல் 5 நிமிடம், குவளையின் சுவரையும் அடியையும் வழித்து வழித்து, மெதுவாக. வெந்நீரில் சர்க்கரை கரையும்போது நெளியுமே, அதுபோல் நூல் நூலாக உள்ளே ஓடும். அந்த நூல்கள் மறையும்வரை கலக்கி முடியவில்லை என்று அர்த்தம். தெளிந்ததும் வேறு குவளைக்கு மாற்றி இன்னொரு நிமிடம் கலக்குங்கள். பழைய குவளையின் சுவரை வழித்து மோல்டில் விடாதீர்கள். முழுக்க இறுகிய துண்டில் ஒரே ஒரு இடம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால், அது பெரும்பாலும் அந்த வழிசல்தான்.

24 மணி நேரம் கழித்து நகத்தால் அழுத்திப் பாருங்கள், 72 மணி நேரத்தில் மறுபடியும். தடம் விழுகிறதா, வெள்ளைத் தாளில் வைத்தால் மஞ்சள் தட்டுகிறதா, குமிழி எங்கே நிற்கிறது, அன்றைய அறை வெப்பம் என்ன என்று எழுதி வையுங்கள். மழை நாளில் மேலே எண்ணெய்ப் படலமோ மங்கலோ வந்தால், ஈரக் காற்று ஹார்ட்னரோடு வினைபுரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 30 கிராமில் அழகாக இறுகிய அதே ரெசின், 1 கிலோ ஊற்றும்போது கொதிக்கும். இறுகும் வினையே வெப்பம் விடுவது. தடிமன் கூடக் கூட அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் வினையை இன்னும் முடுக்கும். புகை, விரிசல், மஞ்சள், வெந்து கறுத்த ரோஜா இதழ் எல்லாம் இதனால்தான். மெல்லிசாகப் பூசுவதற்கான கோட்டிங் ரெசினை ஒரு தடவைக்கு 3 முதல் 6 மில்லிமீட்டருக்கு மேல் ஊற்றக் கூடாது. ஆழமான ஃபிரேமுக்கு காஸ்டிங் ரெசின் தனியாக உண்டு. கலவை கையாளத் தரும் நேரமும் பொதுவாக 25 டிகிரியில் கணக்கிட்டது. லேபிளில் 40 நிமிடம் என்றிருந்தால், சித்திரை வெயிலில் 35 டிகிரி அறையில் ஏறக்குறைய 20 நிமிடம்தான். ஆகவே இரண்டாவது சோதனை, நீங்கள் ஊற்றப்போகும் அதே தடிமனில் நடக்க வேண்டும். ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல்லில் காய்ந்த இரண்டு பூவையும் அதில் போட்டுப் பாருங்கள். ஈரம் மிச்சமிருக்கும் பூ பழுப்பாகிவிடும்.

சோதனைதானே என்று வெறுங்கையால் செய்யாதீர்கள். இறுகாத ரெசின் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு ஒரு துளி பட்டாலும் அரிப்பும் தடிப்பும் வரும். தொழிலையே விட வேண்டியிருக்கும். நைட்ரைல் கையுறை போடுங்கள். தோலில் பட்டால் சோப்புத் தண்ணீர். தின்னர், அசிட்டோன் கூடாது, அவை தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிட்டு ரெசினை இன்னும் பரப்பும். சாதாரண முகக்கவசம் ஆவியைத் தடுக்காது, எனவே ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

மிஞ்சிய கலவையைத் தொட்டியில் கொட்டாதீர்கள், குழாய்க்குள்ளேயே இறுகிவிடும். குவளையிலும் மொத்தமாக விடக் கூடாது, சூடேறிப் பிளாஸ்டிக் உருகும். பழைய தட்டில் மெல்லிசாகப் பரப்பி, வெளியே வைத்து, கல்லான பிறகு குப்பையில் போடுங்கள்.