பேக்ரவுண்ட தூக்கிடுங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி

சேலம் செவ்வாய்பேட்டை பக்கம் பழைய போட்டோ சரி பண்ற வேல பாக்கறேன், இருவது வருசத்துக்கு மேல ஆச்சு. வர்றவங்க முக்காவாசி பேரு கேக்கறது ஒண்ணுதான், "அண்ணா மூஞ்சி மட்டும் பளிச்சுனு வரணும், பின்னாடி இருக்கற குப்பையெல்லாம் தூக்கிட்டு ப்ளூ கலர் போட்டு லேமினேட் பண்ணிருங்க." நானும் ஆரம்பத்துல கேட்டபடி செஞ்சு காசு வாங்குன ஆளுதான், இப்ப நெனச்சா வயிறு எரியுது.

போன ஆடியில அம்மாபேட்டையிலருந்து ஒரு தம்பி வந்தாரு. தாத்தா திதிக்கு போட்டோ பெருசு பண்ணணும். தாத்தா குழித்தறியில, அதாவது குழிக்குள்ள கால விட்டு நெய்யற கைத்தறியில உக்காந்திருக்காரு, பின்னாடி சுண்ணாம்புச் சுவர், அதுல ஒரு காலண்டர், ஓரத்துல பாதி வெட்டுப்பட்ட ஒரு பொம்பள கை ராட்டையில தார், அதாவது நாடாவுக்குள்ள போடற நூல் சுத்திட்டிருக்கு. ஸ்கேன் பண்ணி பெருசாக்கிப் பாத்தா காலண்டர்ல 1968. கை யாருதுன்னு தம்பிக்குத் தெரியல, அத வெட்டிருங்கன்னாரு. வீட்ல ஆயா இருந்தா கூட்டிட்டு வாங்க, அப்புறம் வெட்டிக்கலாம்னு அனுப்பிட்டேன்.

ஆயா வந்து கண்ணாடிய மாட்டிப் பாத்துட்டு, "என் கை தாண்டா அது. போட்டோக்காரரு தள்ளி நில்லுன்னாரு, தார் தீந்தா தறி நின்னு போயிரும்னு நான் எந்திரிக்கல"ன்னாங்க. அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் நிறுத்தல, மழ பேஞ்சா குழியில தண்ணி ஊறி வாரக்கணக்கா தறி ஓடாது, அந்த வாரம் எந்தக் கடையில அரிசி கடன் வாங்குனாங்க, யாரு தரமாட்டேன்னாங்க, எல்லாம் வந்துச்சு. தம்பி நடுவுல நடுவுல "ஆயா விசயத்துக்கு வா"ன்னு இழுக்கறாரு. ஏப்பா, அதுதான் விசயமே! நான் போன ஏரோப்ளேன் மோடுல போட்டு, ஃபேன நிறுத்திட்டு, ஆயாகிட்ட கேட்டுட்டு ரெக்கார்டு பண்ணேன். பெரியவங்கள பேட்டி எடுக்கறதுன்னா உங்க வாழ்க்கையப் பத்தி சொல்லுங்கன்னு ஆரம்பிச்சா ஒண்ணும் வராது, ஒரு போட்டோவ கையில குடுத்துட்டு சும்மா இருங்க, போதும். பவர்லூம் ஓடற தெருவா இருந்தா கரண்ட் கட்டான நேரம் பாத்து உக்காருங்க.

லேமினேஷன் பண்ணவே பண்ணாதீங்க. சூட்டுல ஒட்டுனத திரும்பப் பிரிக்க முடியாது, பிரிச்சா படமும் சேந்து வந்துரும். ஒட்டுற ஆல்பத்துல இருக்கற கோந்தும் நாளாக மஞ்சளாகும். 70, 80கள்ல எடுத்த கலர் பிரிண்ட் செவந்து போறதுக்கு வெயில் மட்டும் காரணமில்ல, அதுல இருக்கற நீலச் சாயம் இருட்டுல இருந்தாலும் மெதுவா வெளுத்துரும், அதனால அதையெல்லாம் மொதல்ல ஸ்கேன் பண்ணிருங்க. ஏற்காட்டுலருந்து வர்றது வேற ரகம், மலை ஈரத்துல பூஞ்சை புடிச்சு ஃபிரேம் கண்ணாடியோட படம் ஒட்டிட்டிருக்கும். இழுக்காதீங்க, கண்ணாடியோடவே ஸ்கேன் பண்ணலாம். ஸ்கேன் 600 டிபிஐல (அங்குலத்துக்கு 600 புள்ளி), தரம் குறையாம வெக்கற டிஃப் (TIFF) ஃபைலா வெச்சுக்கங்க, வாட்ஸாப்புல அனுப்பறதா இருந்தா டாக்குமென்டா அனுப்புங்க, போட்டோவா போட்டா அது சுருக்கிரும்.

லெட்டருக்கும் இதே கததான். போகிக்கு கட்டு கட்டா எரிக்கறாங்க. "நலம் நலமறிய ஆவல்" தாண்டி நாலாவது வரியில தறி நெய்யற பாவுக் கூலியும் நூல் விலையும் ஊர்ல யாருக்கு அம்மைங்கறதும் இருக்கும். கவர கிழிச்சுப் போட்டுட்டு லெட்டர மட்டும் வெக்கறவங்களும் உண்டு, போஸ்ட் ஆபீஸ் முத்திரைலதானே தேதியே இருக்கு. குண்டூசிய மட்டும் எடுத்துருங்க, துரு புடிக்கும். செல்லோ டேப் வேண்டாம்.

நம்ம சேலத்து சினிமா ஸ்டுடியோ மாடர்ன் தியேட்டர்ஸ் 1935ல ஆரம்பிச்சாங்க, இன்னிக்கு ஏற்காடு ரோட்டுல வளைவு மட்டும் நிக்குது. நடிச்சவங்க படம் எல்லா இடத்துலயும் கெடைக்கும். செட்டு போட்ட ஆசாரி, லைட்டு தூக்குனவரு, அவங்க படம் நம்ம வீட்டுப் பரண்ல இருந்தாத்தான் உண்டு. சேர்வராயன் மலைல இருக்கற மலையாளி பழங்குடி மக்கள் (கேரளாக்காரங்க இல்ல), காஞ்சிபுரத்துலருந்து மூணு அண்ணன் தம்பிங்க வந்து சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலைன்னு பிரிஞ்ச கதைய வாய்வழியாத்தான் காப்பாத்தி வெச்சிருக்காங்க, அங்க போனா ஸ்கேனர விட ரெக்கார்டர்தான் மொதல்ல வேணும்.

தம்பி கடைசில கையோட சேத்தே பிரிண்ட் போடச் சொல்லிட்டாரு. பழைய படத்துக்குப் பின்னாடி மெதுவா பென்சில்ல பேரு, ஊரு, வருசம் எழுதி வெக்கறது என் வழக்கம், பேனா வேண்டாம், மை ஊறும். ஆயா முழுப்பேரு என்னன்னு கேட்டேன். தம்பி முழிச்சாரு, ஆதார்ல பாத்து சொல்றேன்னு போன எடுத்தாரு.

"அதுல இருக்கறது தப்புடா சாமி"ன்னாங்க ஆயா.