எலியை அடிப்பதைவிட ஓட்டையை அடைப்பது மேல்

ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு வீட்டின் கீழ்மட்டத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். கதவுக்கு அடியில், தொட்டிக்குக் கீழே குழாய் சுவருக்குள் போகிற இடத்தில், ஏசி குழாய்க்காகத் துளைத்த ஓட்டையில் எங்கேயாவது பென்சில் உள்ளே போகிறதா? போனால் சுண்டெலியும் போகும். சுண்டெலிக்கு சுமார் 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும், வளர்ந்த பெரிய எலிக்கு 12 மில்லிமீட்டர் வேண்டும்.

எலியின் எலும்பு மடங்கிக்கொள்ளும், தோள்பட்டை கழன்றுகொள்ளும் என்றெல்லாம் ஒரு கதை சுற்றுகிறது. அப்படி எதுவும் இல்லை, அதற்கும் காறை எலும்பு உண்டு, விலா எலும்பு உண்டு. எல்லாமே சின்னதாக, வளைந்து கொடுக்கிறபடி இருக்கிறது, உடம்பு நீள உருளையாக இருக்கிறது, அவ்வளவுதான். சுருக்க முடியாத ஒரே பகுதி மண்டை ஓடு. மீசை மயிரால் இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்து, தலை நுழையும் என்று தெரிந்தால் மீதி உடம்பை நெளித்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஓட்டை சின்னதாக இருந்தாலும் பிரச்சினை தீர்வதில்லை, ஏனென்றால் அதைப் பெரிதாக்க எலியிடம் கருவி இருக்கிறது. முன்னால் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு வெட்டுப்பற்கள், சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பவை. அவற்றின் முன்பக்கத்தில் மட்டும்தான் எனாமல், அதிலும் இரும்புச் சத்து கலந்திருப்பதால் மஞ்சளும் ஆரஞ்சுமாகத் தெரியும், நல்ல கெட்டி. பின்பக்கம் இருக்கும் டென்டின் அதைவிட மென்மை. கடிக்கக் கடிக்கப் பின்பக்கம் சீக்கிரம் தேய்கிறது, முன்பக்கம் நிற்கிறது, ஆகவே பல் எப்போதும் தீட்டிய உளி மாதிரியே இருக்கிறது. கொறிக்கும்போது உதட்டின் ஓரங்கள் அந்தப் பற்களுக்குப் பின்னால் மடங்கி வாயை மூடிக்கொள்வதால் மரத்தூளும் பிளாஸ்டிக் துணுக்கும் தொண்டைக்குள் போவதில்லை. (பல்லைத் தேய்க்கத்தான் எலி வயரைக் கடிக்கிறது என்பார்கள். பல்லைத் தேய்க்க அதற்கு வயர் தேவையில்லை, மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் ஒன்றோடொன்று உரசியே தேய்த்துக்கொள்ளும்.)

மரம், ரப்பர், பிளாஸ்டிக், டப்பாவில் வரும் ஸ்ப்ரே ஃபோம், சரியாக இறுகாத பூச்சு என எதுவும் இந்தப் பல்லுக்கு முன் நிற்காது. ஃபோம் அடித்து ஓட்டையை மூடிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். ஆனால் எலிக்கும் ஒரு பலவீனம் உண்டு: வழவழப்பான சமதளத்தில் அதனால் கடியைத் தொடங்க முடியாது, பல் பிடிக்க ஒரு விளிம்பு வேண்டும். கதவின் கீழ் விளிம்பில் உலோகத் தகடு அடிக்கச் சொல்வது இதனால்தான். சின்ன ஓட்டைகளுக்குப் பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரை இறுக்கித் திணித்து மேலே சிமென்ட் பூசினால் நன்றாக நிற்கும். நார் பல்லில் சிக்கி வாயைக் குத்துவதால் எலி விட்டுவிடும். ஈரம் படுகிற இடமென்றால் சாதாரண இரும்பு துருப்பிடித்து உதிர்ந்துவிடும், துருப்பிடிக்காத எஃகு நாரே நல்லது. காற்றுக்காக விட்ட துவாரங்களுக்கு 6 மில்லிமீட்டரைவிடச் சிறிய கண்ணுள்ள கம்பி வலை போடலாம், கொசுவலை உதவாது.

சரி, எந்த ஓட்டை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எலிக்குக் கண் பார்வை மட்டம், வெட்டவெளி என்றால் பயம், அதனால் சுவரை மீசையாலும் உடம்பாலும் தொட்டுக்கொண்டே, தினமும் கிட்டத்தட்ட ஒரே பாதையில் போகும். அந்த உரசலில் உடம்பின் எண்ணெயும் அழுக்கும் சேர்ந்து சுவரோரத்தில் கருப்பாக ஒரு தீற்றல் விழும். அதைப் பிடித்துக்கொண்டே போனால் வாசல் கிடைக்கும். புழுக்கையும் பேசும்: அரிசி அளவில் கூர்முனையோடு இருந்தால் சுண்டெலி, ஒன்றரை சென்டிமீட்டர் போல இருந்தால் பெரிய எலி. பெரிய எலியிலும் இரண்டு வகை கவனிக்க வேண்டியவை. கருப்பு எலி ஏறுவதில் கெட்டிக்காரன், கூரை, பரண், கேபிள், கூரையைத் தொடும் மரக்கிளை எல்லாம் அதன் சாலை. பழுப்பு எலி மண்ணைத் தோண்டும், நன்றாக நீந்தும், சாக்கடை வழியாக வரும். மேலே சத்தம் கேட்கிறவர் கீழே தேடிப் பயனில்லை.

ஏன் அடிப்பதைவிட அடைப்பதற்கு இவ்வளவு முக்கியத்துவம்? சுண்டெலியின் கர்ப்பம் சுமார் 3 வாரம், ஒரு ஈற்றில் சாதாரணமாக ஐந்தாறு குட்டிகள், அவை ஆறேழு வாரத்தில் தாங்களே குட்டி போடத் தயார், தாயோ பிரசவித்த ஒரு நாளுக்குள் மறுபடி கருத்தரிக்கும். 1940-களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து எலிகளை ஆராய்ந்த டேவிட் டேவிஸ் என்ற சூழலியலாளர் கண்டது, எலிகளைப் பிடித்துக் குறைத்தால் மிச்சமிருப்பவை பெருகி எண்ணிக்கை பழைய நிலைக்கே வந்துவிடுகிறது, உணவையும் ஒளிய இடத்தையும் குறைத்தால்தான் குறைந்தபடியே நிற்கிறது என்பது. அங்கே எத்தனை எலி வாழ முடியும் என்பதைக் குப்பைத் தொட்டியும் மூடாத தானிய டப்பாவும் தீர்மானிக்கின்றன. சுண்டெலிக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 3 கிராம் சாப்பாடுதான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அடுப்புக்கு அடியில் சிந்தினதே அதற்கு விருந்து.

மருந்து விஷயத்தில் எலியின் மூளையும் குறுக்கே வருகிறது. எலியால் வாந்தி எடுக்க முடியாது. தப்பானதைத் தின்றுவிட்டால் வெளியே தள்ள வழியில்லாத விலங்கு, சாப்பாட்டில் ரொம்ப ஜாக்கிரதை. புதிதாக எதைக் கண்டாலும் பெரிய எலி சில நாள் தள்ளியே நிற்கும், அப்புறம் கொஞ்சமாகக் கொறித்துப் பார்க்கும், உடம்புக்கு ஆகவில்லை என்றால் அந்த ருசியை மறக்கவே மறக்காது. உடனே கொல்லும் விஷங்கள் தோற்றது இங்கேதான். 1948-ல் எலி மருந்தாக வந்த வார்ஃபரின் இந்தத் தந்திரத்தை உடைத்தது: ரத்தம் உறைவதற்கு வேண்டிய வைட்டமின் கே மறுசுழற்சியை அது தடுக்கிறது, விளைவு தெரியச் சில நாளாகும், அதற்குள் சாப்பாட்டுக்கும் நோவுக்கும் எலியால் முடிச்சுப் போட முடியாது. (அதே வார்ஃபரின் 1950-களிலிருந்து மனிதர்களுக்கும் ரத்தக் கட்டியைத் தடுக்கும் மருந்தாகிவிட்டது.) ஆனால் பத்தே வருடத்தில், 1958-ல், ஸ்காட்லாந்தில் அதற்கு மசியாத எலிகள் தென்பட்டன. பின்னால் வந்த இன்னும் வீரியமான மருந்துகள் செத்த எலியைத் தின்னும் ஆந்தையையும் பூனையையும் பாதிக்கின்றன. மருந்து தின்ற எலி சுவருக்குள் போய்ச் செத்து நாறுவது வேறு. வீட்டுக்குள் மருந்து வைப்பதை நான் கடைசி வழியாகத்தான் சொல்வேன்.

அடைப்பதற்கு முன்பே உள்ளே இருப்பவற்றுக்குப் பொறிதான். சுவரோரமாக, இரை இருக்கும் பக்கம் சுவரைப் பார்த்தபடி, தரையில் சுவருக்குக் குறுக்காக வையுங்கள். நடு அறையில் வைத்தால் எலி அந்தப் பக்கமே வராது. சுண்டெலி புதுப் பொருளை உடனே வந்து மோந்து பார்க்கும், ஆனால் கூட்டிலிருந்து சில மீட்டரைத் தாண்டி அதிகம் அலையாது, ஆகவே பல பொறிகளை நெருக்கமாக வைக்க வேண்டும். பெரிய எலிக்கோ எதிர்மாறாகப் பொறுமை வேண்டும், பொறியை விசையேற்றாமல் இரையோடு சில நாள் விட்டுப் பழக்கிவிட்டு அப்புறம் விசையேற்றலாம். இரைக்கு நிலக்கடலை மாதிரி எண்ணெயும் மணமும் உள்ளது நல்லது. பசை அட்டையை நான் சிபாரிசு செய்வதில்லை, அதில் எலி மணிக்கணக்கில் துடித்துச் சாகிறது.

எலியை விரட்டுமென்று விற்கிற, சுவர் பிளக்கில் செருகும் மீயொலிக் கருவிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். அந்த உயர் அலைவரிசை ஒலி சுவரையோ அலமாரியையோ தாண்டாது, நேரே கேட்கிற எலிக்கும் கொஞ்ச நாளில் பழகிவிடும்.

எல்லாம் முடிந்தபின் சுத்தம் செய்வதில் ஒரு எச்சரிக்கை: காய்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். கிளம்பும் தூசியோடு சில கிருமிகள், முக்கியமாக ஹான்டா வைரஸ் இருக்கும் எலிகள் உள்ள பகுதிகளில், மூச்சில் போக வாய்ப்புண்டு. சன்னலைத் திறந்து அரை மணி நேரம் காற்றாட விட்டு, கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் தாளால் துடைத்தெடுங்கள். சிறுநீர் வாசனையும் இதில் போய்விடும். அந்த வாசனையைப் படித்துத்தான் புதிய எலி இங்கே ஏற்கெனவே எலி இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறது.