இடைவினை என்று எழுதுங்கள், எதிர்வினை வேண்டாம்

ஒரு மருந்தின் வேலையை இன்னொரு மருந்தோ உணவோ மாற்றிவிடுவதுதான் ட்ரக் இன்டராக்‌ஷன். அதை ‘மருந்து எதிர்வினை’ என்று எழுதுவதை இனியாவது விட்டுவிட வேண்டும். மருந்தோடு வரும் விளக்கத் தாள், உடல்நலக் கட்டுரை, மருத்துவமனைப் படிவம் என்று எதை எடுத்தாலும் இதே தப்பு.

லத்தீனில் ‘இன்டர்’ என்றால் இடையே, ஆங்கிலத்தில் ‘ஆக்‌ஷன்’ என்றால் செயல். தமிழில் இடை, வினை. இயற்பியலில் ‘அடிப்படை இடைவினைகள்’ என்று ஏற்கெனவே புழங்கும் சொல்தான், புதிதாக எதையும் உருவாக்கத் தேவையில்லை.

எதிர்வினை என்பது ரியாக்‌ஷன். பென்சிலின் போட்டதும் உடம்பு தடித்துச் சிவந்தால் அது எதிர்வினை. அதற்கு ஒரு மருந்தும் ஓர் உடம்பும் போதும். இடைவினைக்கோ இன்னொரு பொருளும் வேண்டும். டெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைப் பாலோடு விழுங்கினால் பாலிலுள்ள கால்சியம் அதைப் பற்றிக்கொள்ளும், மருந்து ரத்தத்தில் சரியாகச் சேராது, தடிப்போ அரிப்போ எதுவும் வராது, நோய் மட்டும் தீராமல் கிடக்கும். ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்து கல்லீரல் நொதிகளை (என்சைம்களை) தூண்டிவிட்டு, கருத்தடை மாத்திரை வேகமாகச் சிதையும்படி செய்துவிடும். கிரேப்ஃப்ரூட் என்ற ஆரஞ்சு வகைப் பழத்தின் சாறு செய்வது இதற்கு நேர்மாறு: குடலிலுள்ள ஒரு நொதியை முடக்கி, ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தின் அளவை ரத்தத்தில் இரண்டு மடங்குக்கும் மேல் ஏற்றிவிடும். கனடாவில் டேவிட் பெய்லி குழுவினர் மதுவுக்கும் இந்த மருந்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்தபோது, மதுவின் சுவையை மறைக்கக் கலந்த சாறுதான் இதைக் காட்டிக்கொடுத்தது. 1991இல் கட்டுரையாக விரிவாக வெளியிட்டார்கள்.

இடைவினை எப்போதும் கெடுதல் என்பதும் இல்லை. எச்ஐவி சிகிச்சையில் லோபினாவிரோடு ரிட்டோனாவிரைச் சேர்ப்பதே, லோபினாவிர் சீக்கிரம் சிதையாமல் ரத்தத்தில் நிலைக்க வேண்டும் என்பதற்காகத்தான். இதைப் போய் எதிர்வினை என்பீர்களா?

சிலர் ‘ஊடாட்டம்’ என்கிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் அதில் இரண்டு பக்கமும் போய்வரும் பொருள் தொனிக்கிறது, கணினித் திரையோடு நாம் ஊடாடுவதற்கு அது பொருந்தும். ரிஃபாம்பிசின் கருத்தடை மாத்திரையைப் பாதிக்கும். அந்த மாத்திரை ரிஃபாம்பிசினை அப்படிப் பாதிப்பதில்லை. இடைவினை இந்த ஒருபக்கத் தாக்கத்துக்கும் இடம் கொடுக்கிறது. பேச்சில் ‘அதுக்கு இது சேராது’ என்கிறோமே, அதுவும் அழகுதான், நோயாளியிடம் சொல்ல அதைவிடத் தெளிவான சொல் கிடையாது. ஆனால் லோபினாவிர் கதையை அதற்குள் அடக்க முடியாது.

இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டி ‘போதைப்பொருள் தொடர்பு’ என்று வெளியிடுகிறவர்களை என்ன சொல்வது! சர்க்கரை மாத்திரை சாப்பிடும் பெரியவருக்குப் போதைப்பொருளோடு என்ன தொடர்பு? ஒருமுறை வாசித்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

இது வெறும் சொல் சண்டை இல்லை. படிவத்தில் ‘மருந்து எதிர்வினை உண்டா?’ என்று கேட்டால், ஒவ்வாமையைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து ‘இல்லை’ என்று எழுதிவிட்டுப் போவார்கள், ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் விழுங்கும் வார்ஃபரினைச் சொல்லவே மாட்டார்கள். அங்கே கேட்க வேண்டியது, ‘வேறு என்னென்ன மாத்திரை, சத்து மருந்து, மூலிகை எடுத்துக்கொள்கிறீர்கள்?’ என்பதுதான்.