காவிரியில் தூண்டில் போடும் முன்: நீர்வரத்து, காட்டு விலங்கு, அனுமதி

ஒகேனக்கல், மேட்டூர்ப் பக்கம் மீன் பிடிக்கப் போக நினைப்பவர்கள் தூண்டிலையும் இரையையும் விடுமுறை நாளையும் முதலில் முடிவு செய்துவிடுகிறார்கள். யாரிடம் அனுமதி வாங்குவது என்ற கேள்வி கடைசியில்தான் எழுகிறது, பல நேரம் எழுவதே இல்லை. நான் இந்த வரிசையை மாற்றச் சொல்கிறேன். நிற்கப் போகும் கரை யாருடைய பொறுப்பில் இருக்கிறது, அந்த வாரம் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வருகிறது, அந்தப் பருவத்தில் எந்த விலங்கு நீரோரம் இருக்கும் என்ற மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகே நாளைக் குறிக்க வேண்டும்.

ஒரே ஆறுதான் என்றாலும் பொறுப்பு பல துறைகளிடம் பிரிந்து கிடக்கிறது. அணையும் மதகும் நீர்வளத் துறையிடம் இருக்கின்றன. நீர்த்தேக்கங்களில் மீன்பிடி உரிமை மீன்வளத் துறை வழியாக வருகிறது. பவானிசாகர், சாத்தனூர், ஆழியாறு போன்ற சிலவற்றைத் தமிழ்நாடு மீன் வளர்ச்சிக் கழகம் கவனிக்கிறது. வெள்ளக் காலத்தில் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போடுவது மாவட்ட நிர்வாகம். காட்டுக் கரை வனத் துறையுடையது. ஒருவர் கொடுத்த அனுமதி இன்னொருவரைக் கட்டாது. மீன்பிடி உரிமம் பெற்ற பரிசல்காரர் கூட வருகிறார் என்பதால் சரணாலயக் கரையில் இறங்கும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது.

சரணாலயக் கரை

இந்தப் பகுதியில் எல்லை எங்கே ஓடுகிறது என்பது பலருக்குத் தெரியாது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014இல் அறிவிக்கப்பட்டது. 2022 நவம்பரில் காவிரி தெற்குச் சரணாலயமும் சேர்ந்தது. அதன் பரப்பு ஏறத்தாழ 686 சதுர கிலோமீட்டர். கர்நாடகப் பக்கம் 1987 முதலே ஒரு காவிரிச் சரணாலயம் இருக்கிறது. ஆகவே "எங்கள் தாத்தா காலத்தில் இங்கே தூண்டில் போட்டோம்" என்று ஒருவர் காட்டும் துறை இன்று சரணாலயத்துக்குள் இருக்கலாம். அந்த இடத்துக்குரிய வனச்சரக அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வதே சரியான வழி.

சரணாலயத்துக்குள் என்ன ஆகும் என்பதை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. 27ஆம் பிரிவின்படி பணியில் உள்ள அரசு ஊழியர், உள்ளே நிலம் வைத்திருப்பவர், பொது நெடுஞ்சாலை வழியே கடந்து போகிறவர் போன்ற சிலரைத் தவிர மற்ற எவரும் அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழையக் கூடாது. அந்தச் சீட்டை எதற்காகத் தரலாம் என்பது 28ஆம் பிரிவில் இருக்கிறது: ஆய்வு, ஒளிப்படம், சுற்றுலா, உள்ளே வசிப்பவரோடு முறையான தொழில் தொடர்பு ஆகியவை அதில் வருகின்றன. மீன்பிடிப்பு அந்தப் பட்டியலில் இல்லை. 29ஆம் பிரிவு அங்குள்ள எந்த வன உயிரினத்தையும் அழிப்பதையும் எடுத்துச் செல்வதையும் தடுக்கிறது. சட்டத்தில் 'விலங்கு' என்ற வரையறைக்குள் மீனும் அடங்கும்.

பலரையும் திகைக்க வைப்பது 31ஆம் பிரிவு. முதன்மை வன உயிரினக் காப்பாளரோ அவரால் அதிகாரம் பெற்ற அலுவலரோ எழுத்து மூலம் அனுமதி தராமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது என்கிறது அது. ஆயுதம் என்றால் துப்பாக்கி என்றுதான் நினைப்போம். சட்டத்தின் வரையறையிலோ தூண்டில் முள், வலை, கத்தி, கண்ணி எல்லாம் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கின்றன. மீனைப் பிடித்து உடனே ஆற்றிலேயே விட்டுவிடுவேன் என்று சொல்வதால் பயன் இல்லாமல் போவது இதனால்தான். முள்ளோடு உள்ளே வந்ததே மீறலாகிவிடுகிறது. கர்நாடகக் காவிரியில் மஹ்சீர் மீனுக்காகப் பெயர் பெற்றிருந்த தூண்டில் முகாம்களிலும் பின்னாளில் தூண்டில் போடுவது நிறுத்தப்பட்டது. காவிரிக்கே உரிய திமில் மஹ்சீர், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் மிக அருகிவரும் இனமாக 2018இல் சேர்க்கப்பட்டது. அந்த மீன் எஞ்சியிருக்கும் மடுக்களை நாம் விட்டுவைப்பதே நியாயம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தண்டனையும் கடுமையானது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி பொதுவான மீறலுக்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். சட்டம் அதிகப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணை விலங்குக்கு எதிரான குற்றம் என்றால் குறைந்தது மூன்று ஆண்டும் அதிகமாக ஏழு ஆண்டும் சிறை, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. முதலை, யானை, ஆற்று நீர்நாய் மூன்றும் இப்போது முதல் அட்டவணையில் இருக்கின்றன. வண்டியையும் பரிசலையும் பறிமுதல் செய்யும் அதிகாரமும் வன அலுவலருக்கு உண்டு.

சரணாலயத்துக்கு வெளியே இருந்தாலும் வெடி வைத்தோ நஞ்சு கலந்தோ மீன் பிடிப்பது குற்றம். 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே இதைத் தடுத்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் கிழக்குக் கடற்கரை விசைப்படகுகளுக்கானது. அதை ஆற்றுக்கான விதியாக எண்ணிக்கொண்டு, மற்ற மாதங்களில் எதுவும் செய்யலாம் என்று நினைக்க வேண்டாம்.

தண்ணீர்க் கணக்கு

ஒகேனக்கல்லில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வரும். மழை குடகிலும் வயநாட்டிலும் பெய்கிறது. கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகள் நிரம்பியதும் உபரிநீர் திறக்கப்படுகிறது. தமிழகத்துக்கு வரும் நீரை மத்திய நீர்வள ஆணையம் மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் அளக்கிறது. நாளிதழ்களில் "நீர்வரத்து இத்தனை கன அடி" என்று வருவதைத் திட்டமிடும் வாரம் முழுவதும் பாருங்கள். வினாடிக்கு 10,000 கன அடி என்றால் ஒவ்வொரு வினாடியும் சுமார் 2.83 லட்சம் லிட்டர் நீர் உங்களைக் கடந்து போகிறது. ஒரு நாளின் அளவைவிட முக்கியம் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பது. ஏறுமுகமாக இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள், எண் சிறியதாக இருந்தாலும். மத்திய நீர்வள ஆணையம் 2023இல் வெளியிட்ட 'ஃப்ளட்வாட்ச்' செயலியிலும் நீர்மட்டத்தைப் பார்க்கலாம்.

மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அதை எட்டிவிட்டால் உபரிநீர் 16 கண் மதகு வழியே போகும், கரையோர மாவட்டங்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்படும். டெல்டா பாசனத்துக்கு அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. திறக்கும் நாளையொட்டி அணைக்குக் கீழே ஆற்றுக்குள் இறங்காமல் இருப்பது நல்லது. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை முதலிய கதவணைகளில் மின் உற்பத்திக்காக நீரைத் தேக்குவதும் விடுவதும் நடக்கிறது, அதனால் மழையே இல்லாத நாளிலும் மட்டம் ஏறி இறங்கும். நடு ஆற்றுப் பாறை எவ்வளவு வசதியாகத் தெரிந்தாலும் அங்கே உட்கார வேண்டாம். நீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் பொருளை எடுத்துக்கொண்டிருக்காமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.

முதலையும் யானையும்

நீர் குறைந்த மார்ச் முதல் மே வரை தூண்டிலுக்கு வசதியான காலம் என்று பலர் சொல்கிறார்கள். ஆபத்து கூடும் காலமும் அதுவே. ஓட்டம் வற்றியதும் மீன் மடுக்களில் சேர்கிறது, முதலையும் அங்கேயே சேர்கிறது. கோடைக்கு முன்பே மணற்கரையில் முட்டையிட்டுவிடும் பெண் முதலை குஞ்சு வெளிவரும் வரை காவல் காக்கும். காட்டுக்குள் குட்டை வற்றியதும் யானைகள் காலையிலும் மாலையிலும் ஆற்றுக்கு இறங்கும். என் கணிப்பில், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து நீர் தெளியும் ஜனவரியே பொருத்தமான மாதம், அதுவும் சரணாலயத்துக்கு வெளியே, பகல் வெளிச்சத்தில்.

நீர் விளிம்பிலிருந்து சில மீட்டர் தள்ளி நில்லுங்கள். முழங்கால் நீரில் இறங்கித் தூண்டில் வீச வேண்டாம். பிடித்த மீனைக் கரையில் கழுவிக் குடலை அங்கேயே போட்டால் அடுத்து வருகிறவருக்கு நீங்கள் முதலையை அழைத்து வைக்கிறீர்கள். தூண்டிலில் ஆமை மாட்டினால் தூண்டில் நரம்பை முள்ளுக்கு அருகில் வெட்டி ஆமையை விட்டுவிடுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோவது குற்றமாகும். யானை தெரிந்தால் ஒளிப்படம் எடுக்க நிற்காமல் வந்த வழியே விலகுங்கள்.

தற்காப்புக்காக நல்லெண்ணத்தோடு ஒரு காட்டு விலங்கைக் காயப்படுத்தினால் அது குற்றமில்லை என்று 11ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் இதே சட்டத்தை மீறிக்கொண்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. அனுமதியின்றி உள்ளே போனவர் இதையும் சேர்த்தே இழக்கிறார்.

காட்டையே நம்பி வாழும் குடும்பங்களின் நிலை வேறு. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, நீர்நிலைகளின் மீன் மீதான சமூக உரிமையைப் பழங்குடியினருக்கும் பாரம்பரிய வனவாசிகளுக்கும் ஏற்கிறது, சரணாலயத்துக்குள்ளும் அது பொருந்தும். அதற்கான கோரிக்கையைக் கிராம சபையில் கொடுக்க வேண்டும். அங்கிருந்து உட்கோட்ட அளவிலான குழுவுக்கும் பிறகு மாவட்ட அளவிலான குழுவுக்கும் போகும். இந்த உரிமையைச் சுற்றுலா வருகிறவர் காசு கொடுத்து வாங்க முடியாது, உரிமையாளரோடு சேர்ந்து வந்ததாகச் சொல்லியும் பயன்படுத்த முடியாது.

வெள்ளத்தில் யாராவது சிக்கினால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, அவசர உதவி எண் 112. கைப்பேசித் தொடர்பு கிடைக்காத இடங்கள் காட்டுக் கரையில் நிறைய உண்டு. எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதைப் புறப்படும் முன் வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள்.