டேப்ரூமுக்குத் தமிழ் என்ன?

பீரைக் கலனிலிருந்து நேரே குவளையில் பிடித்துக் கொடுக்கும் இடம் 'டேப்ரூம்'. தமிழில் எழுதும்போது அந்தச் சொல் வந்தால் 'மதுக்கூடம்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். மதுக்கூடம் என்பது பாருக்கும் பொருந்தும், பப்புக்கும் பொருந்தும், வெறும் விஸ்கி விற்கும் இடத்துக்கும் பொருந்தும். டேப்ரூமுக்கே உரிய ஒன்று அதில் விடுபட்டுப் போகிறது. அதுதான் 'டேப்'.

பழைய ஆங்கிலத்தில் 'டேப்பா' என்றால் பீப்பாயின் துளையை அடைக்கும் மர முளை. குழாய் அல்ல, அடைப்பான். முளையைத் தளர்த்தினால் பீர் வரும், இறுக்கினால் நிற்கும். அந்தப் பெயர் பிறகுதான் குழாய்க்கும் போனது. முளையைத் திறந்து ஊற்றிக் கொடுத்தவளுக்கு 'டேப்பெஸ்ட்ரே' என்று பெயர். அதன் கடைசியில் இருப்பது பெண்பால் விகுதி. பீர் காய்ச்சுவதிலும் விற்பதிலும் பெண்கள் கை ஓங்கியிருந்த காலத்தின் தடம் அது. ஆங்கில விடுதிகளில் பீப்பாயிலிருந்து நேரே பிடித்துக் கொடுத்த அறைதான் டேப்ரூம்.

இன்றைய டேப்ரூமிலும் அந்த 'நேரே' மாறவில்லை. சுவரில் வரிசையாகக் கைப்பிடிகள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு மெல்லிய குழாய் குளிர் அறைக்குள் போகிறது. அங்கே எஃகுக் கலன்களில் இருக்கும் பீரை வாயு அழுத்தம் தள்ளிவிடுகிறது. ஊற்றுபவர் கண்ணாடிக் குவளையைச் சாய்த்துப் பிடித்து, கைப்பிடியை முழுதாக இழுக்கிறார். குவளை நிறைய நிறைய அதை நிமிர்த்தி, மேலே இரண்டு விரற்கடை நுரை நிற்கும்படி முடிக்கிறார். தயங்கிப் பாதி இழுத்தால் குவளை முழுக்க நுரைதான்.

'பப்' என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம். யாரும் வரலாம் என்ற பொது வீடு. அதன் பெயர் ஆட்களைப் பார்த்து வைத்தது, டேப்ரூமின் பெயர் பீப்பாயைப் பார்த்து வைத்தது. அமெரிக்காவின் பீர் ஆலைகள் சங்கமான 'ப்ரூவர்ஸ் அசோசியேஷன்' கணக்குப்படி, தன் பீரில் 25 சதவீதத்துக்குக் குறையாமல் அதே இடத்தில் விற்று, சாப்பாட்டைப் பெரிதாக நடத்தாத ஆலை டேப்ரூம் வகை. சாப்பாடும் பெரிதாக இருந்தால் ப்ரூபப். பேச்சில் இந்தக் கோடு அழிந்துவிட்டது. பப் சாப்பாடு போடும் இடத்தையும் டேப்ரூம் என்றே சொல்கிறார்கள்.

சரி, டேப்ரூமில் ஊற்றும் 'கிராஃப்ட் பீர்'? 'கைவினை பீர்' என்ற மொழிபெயர்ப்பு எனக்கு நிறைவாக இல்லை. கையால் செய்வது என்பதல்ல இங்கே பொருள். அதே சங்கம் சொல்லும் வரையறை ஆண்டுக்கு 60 லட்சம் பேரலுக்கு மிகாத உற்பத்தி, பெரிய மது நிறுவனங்களின் பிடிக்குள் போகாத உரிமை. ஆக அளவும் உரிமையும்தான் பேச்சு. 'சிற்றாலை பீர்' என்றால் சட்டென்று விளங்கும்.

பீருக்கு நாம் தேடி அலைய வேண்டியதே இல்லை. பெரும்பாணாற்றுப்படையில் 'இல்லடு கள்ளின் தோப்பி' இருக்கிறது: வீட்டிலேயே சமைத்த நெல்லுக் கள். அதே பாட்டில் செய்முறையும் உண்டு. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆறவிட்டு, நல்லடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, சாடியில் முற்றவிட்டு, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். நல்லடைக்கு நெல்முளை என்று பொருள் சொல்வார்கள். முளைவிட்ட தானியம்தான் பீரின் உயிர். இன்றைய மால்ட் அதுதான். பனையிலும் தென்னையிலும் இறக்குவது கள், தானியத்தைச் சமைத்துப் புளிக்க வைப்பது தோப்பி. இவ்வளவு பொருத்தமான சொல்லை வைத்துக்கொண்டு 'வாற்கோதுமை மது' என்று நீட்டி முழக்குவது ஏன் என்று எனக்கு ஆதங்கம்.

பப் சாப்பாட்டுக்கும் பழைய சான்று உண்டு. பட்டினப்பாலை நறவு என்னும் மது விற்கும் இடத்துக் கொடியைச் சொல்லும் முன்பே, மீனையும் இறைச்சியையும் அறுத்துப் பொரிக்கும் ஓசை எழும் முற்றத்தைக் காட்டிவிடுகிறது. மதுவோடு கடித்துக்கொள்வதற்குத் தொடுகறி என்ற பெயரும் இருக்கிறது.

கடைசியாக அந்த 'டேப்'. 'வடி' என்ற வேரை எடுக்கலாமே என்று தோன்றும். ஆனால் வடிசாலை என்பது சாராயம் காய்ச்சி வடிக்கும் ஆலைக்கு வழங்கிவிட்டது, குழப்பம் வரும். நான் எடுப்பது 'தூம்பு'. உள்ளே துளையுள்ள குழல், ஏரியில் நீர் வெளியேறும் வழி, இரண்டையும் குறிக்கும் சொல் அது. திறந்தால் வரும், அடைத்தால் நிற்கும். பதிற்றுப்பத்தில் 'தூம்பகம் பழுனிய தீம்பிழி' என்ற தொடரே இருக்கிறது: மூங்கில் குழாய்க்குள் முற்றிய இனிய மது. அங்கே தூம்பகம் என்றால் குழாயின் உள்ளிடம், அறை அல்ல. ஆனால் நூலகம், உணவகம் என்று 'அகம்' இடத்துக்கு ஆகிவரும் இன்றைய வழக்கில், தூம்புகள் இருக்கும் இடம் தூம்பகம் என்பது இயல்பாகவே வருகிறது.

தூம்பகம், பெயர்ச்சொல்: கலனிலிருந்து நேரே பிடித்துத் தரும் மதுக்கூடம். "தெருமுனைத் தூம்பகத்தில் இன்று புதுத் தோப்பி திறக்கிறார்கள்."